பற்றரியைக் கழற்றினால் கணினி மறந்துவிடுமா?

கடந்த மாரிகாலத் தொடக்கத்தில் ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, குளிருக்குக் காரை ஓடாமல் விடப்போறன். பற்றரியைக் கழட்டினால், காசு குடுத்து மாத்தி எழுதுவிச்ச புரோகிராம் அழிஞ்சு போகுமோ?" ஒரு காலத்தில் பத்திரிகையில் மோட்டார் வாகனப் பக்கத்தை நான் கவனித்திருந்தேன், அதனால் வந்த வினை. பாதி மாதச் சம்பளத்தை அதற்குச் செலவிட்டிருந்தான். அழிந்துவிடும் என்றானாம் ஒரு நண்பன். அழியாது என்றானாம் மற்றவன். விசாரித்துப் பார்த்ததில் இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. மெக்கானிக்கின் காதும் கையிலிருந்த திருப்புளியுமே அவற்றின் கணினி.

காருக்குள் கணினி புகுந்ததற்குப் பெருங்காரணம் புகை. அமெரிக்கா 1970 இல் இயற்றிய தூய காற்றுச் சட்டம் வாகனப் புகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புகையைச் சுத்திகரிக்கும் மூவழி வினையூக்கி ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் இம்மியும் பிசகக்கூடாது. காபுரேற்றரால் அது ஆகவில்லை. 1979 இல் பொஷ் நிறுவனத்தின் மோட்ரோனிக், பீஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. 1981 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் தன் கார்கள் அனைத்திலுமே பெரும்பாலும் கணினியைப் பொருத்தியது.

அந்தக் கணினிகளுக்கு இருவகை ஞாபகம் இருந்தது. எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்ற அட்டவணைகள் ஒரு சில்லில் நிரந்தரமாகப் பதியப்பட்டிருந்தன. மின்சாரம் போனாலும் அவை போகா. இயந்திரத்தின் தேய்மானத்தையும் பெற்றோலின் தரத்தையும் பார்த்து, ஓட ஓடக் கணினி தானாகக் கற்றுக்கொண்ட சிறு திருத்தங்களோ வேறிடத்தில், பற்றரி தரும் சொற்ப மின்சாரத்தில் உயிர் வாழ்ந்தன. பற்றரியைக் கழற்றியதும் மறைவது இந்த இரண்டாவதுதான்.

வேகப்பிரியர்கள் கைவைத்தது முதலாவதில். 1971 இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் புரோமன் உருவாக்கிய, புற ஊதா ஒளியால் அழித்துத் திரும்ப எழுதக்கூடிய சில்லு அவர்களுக்குக் கைகொடுத்தது. அதன் முதுகில் சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். வெளிச்சம் படாதிருக்க மேலே ஓர் ஒட்டுத்தாள். பழைய சில்லைப் பிடுங்கிவிட்டுத் தாம் எழுதியதைச் செருகினார்கள். தோஷிபாவின் புஜியோ மசுவோகா 1984 இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய ஃபிளாஷ் ஞாபகம் தொண்ணூறுகளில் கார்களுக்கு வந்தபின், சில்லைப் பிடுங்கவும் தேவையிருக்கவில்லை. அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமாக்கப்பட்ட சோதனைச் செருகியின் வழியாகவே பல கார்களின் புரோகிராமை மாற்றி எழுதலாம் என்றாயிற்று. அதுவும் பற்றரியோடு அழிவதில்லை.

பற்றரியைக் கழற்றி ஆதாயம் தேடியவர்களும் உண்டு. புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் கழற்றிப் பூட்டினால் பிழைக்குறிகள் மறைந்து எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். பார்த்துக்கொண்டிருந்த கலிபோர்னிய அதிகாரிகள், 2010 ஆம் ஆண்டு மாதிரி வாகனங்களிலிருந்து படிப்படியாக, பற்றரியைக் கழற்றினாலும் அழியாத பிழைக்குறிகளைக் கட்டாயமாக்கினார்கள். இன்றைய சில கார்கள் தாம் கற்றுக்கொண்ட திருத்தங்களையும் அழியா ஞாபகத்திலேயே வைத்துக்கொள்கின்றன.

மருமகனுக்கு இதைச் சுருக்கிச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: புரோகிராமை எழுதிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் பற்றரி சோர்ந்தால்தான் ஆபத்து. பாதி எழுதிய நிலையில் மின்சாரம் நின்றால் கணினியே செயலிழந்து போகக்கூடும். அதனாற்றான் அனுபவமுள்ளவர்கள் அவ்வேளையில் வெளியிலிருந்து சீரான மின்சாரம் கொடுத்துக்கொண்டே எழுதுவார்கள்.

வசந்தத்தில் மறுபடி அழைத்தான். முதல் இரண்டு நாள் நின்ற நிலையில் இஞ்சின் சற்று உதறியதாம். பிறகு தானாகச் சரியாகிவிட்டதாம். காசு கொடுத்த வேகம் அப்படியே இருக்கிறது என்றான். வானொலியில் சேமித்து வைத்திருந்த நிலையங்கள்தான் போய்விட்டனவாம்.