பால்மரமும் மோட்டார் வண்டியும்



நம் மேருவுக்கு அருகிலுள்ள கிள்ளான் துறைமுகம், 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்டது. நாம் சீவிய பால், ரப்பராகி அங்கே கப்பலேறியது. ரப்பர் டயர் பூட்டிய சீமைக் கார்களோ அங்கே வந்திறங்கின.

விடுதலைக்குப் பின், கார்களின் உறுப்புகளைத் தருவித்து இங்கேயே பொருத்தினால் நம் மக்களுக்கு வேலை கிடைக்கும் என்று அரசு எண்ணியது. ஒரு நிறுவனம் ஷா ஆலாமில் வோல்வோ கார்களைப் பொருத்தியது. 1970-இல் 'ஏ.பி.' எனும் இறக்குமதி அனுமதிப் பத்திரம் வந்தது. கார் வாணிபத்தில் பூமிபுத்திரர்க்கும் இடமளிப்பது அதன் நோக்கம். 1983-இல் புரோட்டோன் நிறுவனம் பிறந்தது. 1985-இல் சாகா கார் வெளிவந்தது.

வெளிநாட்டில் பழைய கார் மலிவுதானே, வாங்கி வரலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அனுமதியும் சுங்கவரியும் இன்றி அது துறைமுகத்தைத் தாண்டாது. மலிவு வண்டிகள் வந்து குவிந்தால், உள்நாட்டு ஆலைத் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது? அதே வேளையில், அந்த வரியால் கார் விலை ஏறி, ஏழைக்கு எட்டாமற் போனதையும் நாம் மறுப்பதற்கில்லை.

ஷா ஆலாம் எழுந்த நிலம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். பால்மரம் நின்ற மண்ணில் ஆலைகள் நிற்கின்றன. மரம் சீவத் தெரிந்தால் மட்டும் அங்கே வேலை கிடைக்காது. ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பாதியில் நிறுத்தாதீர்கள். ஒரு கைத்தொழிலும் கற்கச் செய்யுங்கள்.