இளவேனில் இல்லாத தீவில் இரு நாட்காட்டிகள்

பருவம் நிலத்திற்கு உரியது. பருவத்தின் பெயரோ மக்களுக்கு உரியது. மக்கள் கடல் கடந்து குடியேறுங்கால் பெயரை உடன்கொண்டு செல்கின்றனர். பருவம் பழைய நிலத்திலேயே தங்கிவிடுகிறது. புதிய நிலத்தில் உழுது பயிரிட முற்படுவோர்க்கு இதனால் ஓர் இடர்ப்பாடு தோன்றும். முன்னோர் வகுத்த நாட்காட்டி ஒன்று சொல்லும். தலைக்கு மேலுள்ள வானம் வேறொன்று சொல்லும். எதனை நம்பி விதைப்பது?

இவ்வினாவை ஆராய்வதற்குச் சிங்கப்பூரின் சைனாடவுன் மிகப் பொருத்தமான இடமாகும். தைப் பொங்கலையும் சித்திரைப் பிறப்பையும் போற்றும் தமிழரும், இளவேனில் பிறப்பைப் பெருவிழாவாகக் கொள்ளும் சீனரும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக அங்கே அருகருகே வாழ்ந்து வந்துள்ளனர். இரு சாராரும் வேளாண் மரபில் வந்தவர்கள். இரு சாராரும் பருவக் கணக்கு உடையவர்கள். ஆயினும் அவர்கள் குடியேறிய தீவில் இளவேனில் என்றொரு பருவமே இல்லை.

தண்ணீர் வண்டியும் மாரியம்மனும்

ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்' என்னும் சொல் இளவேனிலையும் குறிக்கும், நீரூற்றையும் குறிக்கும். சைனாடவுனில் 'ஸ்பிரிங் ஸ்திரீட்' என்றொரு சிறு தெரு உண்டு. அது பருவத்தால் பெற்ற பெயரன்று. ஆன் சியாங் மலையடிவாரத்தில் இருந்த நீரூற்றால் பெற்ற பெயராகும். குழாய் நீர் வருவதற்கு முன்னர், அப்பகுதிக் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் எடுத்த நீரை மாட்டு வண்டிகளில் ஏற்றி வீடுதோறும் வழங்கினர். மலாய் மொழியில் அவ்வட்டாரத்தின் பெயர் 'கிரேத்தா ஆயர்'. 'தண்ணீர் வண்டி' என்பது அதன் பொருள். சீனப் பெயரும் 'மாட்டு வண்டி நீர்' என்றே பொருள்படும். அக்காலச் சிங்கப்பூரில் மாட்டு வண்டித் தொழிலில் இந்தியர் பெரும்பங்கு கொண்டிருந்தனர் என்பதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

அதே வட்டாரத்தில், சவுத் பிரிட்ஜ் சாலையில், சிங்கப்பூரின் மிகத் தொன்மையான இந்துக் கோயில் அமைந்துள்ளது. 1819ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால் 1827ஆம் ஆண்டில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுந்த அக்கோயில், 1843ஆம் ஆண்டளவில் செங்கற் கட்டடமாயிற்று. அங்கு எழுந்தருளியிருப்பவள் மாரியம்மன். மாரி என்பது மழையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லாகும். நோய் தீர்ப்பவளாகவும் மழை தருபவளாகவும் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்கள் வழிபட்ட தெய்வத்தையே குடியேறிய தமிழர் தம்முடன் கொண்டுவந்தனர். வண்டி நீரை நம்பி வாழ்ந்த ஒரு வட்டாரத்தில் மழைத் தெய்வத்தின் கோயில் அமைந்தது பொருத்தமே.

இரு நாட்காட்டிகள்

தொல்காப்பியம் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துரைக்கின்றது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. இவற்றுள் இளவேனில் சித்திரையும் வைகாசியும் ஆகிய இரு திங்களும் அடங்கியது. இன்றைய கணக்கில் ஏப்ரல் நடுவில் தொடங்கிச் சூன் நடுவில் முடிவது.

சீனரின் வேளாண் கணக்கு வேறு வகையினது. ஞாயிற்றின் ஓராண்டுப் பாதையைப் பதினைந்து பாகைக்கு ஒன்றாக 24 கூறுகளாக அவர்கள் பகுத்தனர். கி.மு. 104இல் ஆன் பேரரசு மேற்கொண்ட நாட்காட்டியிலேயே இப்பகுப்பு இடம்பெற்றுவிட்டது. 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. 'லிச்சுன்' எனப்படும் இளவேனில் பிறப்பு பிப்ரவரி 4ஆம் நாளையொட்டி வரும். அடுத்து வருவது 'மழைநீர்' என்னும் கூறு. பின்னர்ப் புழுபூச்சிகள் துயிலெழும் கூறு, பகலிரவு ஒத்த நாள், 'தெளிவும் ஒளியும்' எனப் பொருள்படும் சிங்மிங், 'தானிய மழை' எனப் பொருள்படும் கூயூ ஆகியன முறையே வரும். மே 5ஆம் நாளையொட்டிக் கோடை பிறக்கும்.

இவ்விரு கணக்குகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். சீன இளவேனிலும் தமிழ் இளவேனிலும் ஒன்றுபடுவது ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரையுள்ள மூன்று கிழமைகள் மட்டுமே. ஒன்று மஞ்சளாற்றுப் படுகையின் குளிர் நீங்கும் காலத்தைக் குறித்தது. மற்றொன்று பனி முற்றும் நீங்கி வெயில் ஏறும் தமிழ்நிலத்தின் காலத்தைக் குறித்தது. மேலும், சீனக் கூறுகள் பகலிரவு ஒத்த நாளோடு பிணைக்கப்பட்டமையின் இடம் பெயர்வதில்லை. தமிழ்த் திங்கள்களோ விண்மீன் மண்டலத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆதலின் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பருவத்தினின்றும் விலகிச் செல்கின்றன.

மழையை முன்னறிவிப்பதிலும் இரு மரபுகளுக்கும் ஒப்புமை உண்டு. தமிழ்ப் பஞ்சாங்கம் இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று உரைத்து, கடலுக்கும் மலைக்கும் நிலத்திற்கும் அதனைப் பங்கிட்டுக் காட்டும். 'தோங் சூ' எனப்படும் சீனப் பஞ்சாங்கத்தில் இளவேனில் எருதின் படம் ஒன்று இருக்கும். எருதின் அருகே நிற்கும் சிறுவன் வெறுங்காலோடு இருப்பின் மழை மிகுதி. இரு காலிலும் செருப்பு அணிந்திருப்பின் வறட்சி. ஒரு காலில் மட்டும் அணிந்திருப்பின் அளவான மழை என்று கொள்வர். மரக்காலால் அளந்தவரும் சிறுவனின் காலைப் பார்த்தவரும் தேடியது ஒன்றே: விதைக்கலாமா, காத்திருக்கலாமா என்பதற்கு ஒரு விடை.

ஒரே காற்று, வேறு மழை

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 1 பாகை 20 கலை வடக்கே உள்ளது. மார்ச்சுத் திங்களில் ஒரு முறையும் செப்டம்பர்த் திங்களில் ஒரு முறையும் ஞாயிறு அங்கே தலைக்கு நேராக வரும். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடத்திற்கும் குறைவு. மிக வெப்பமான திங்களின் சராசரி வெப்பநிலைக்கும் மிகக் குளிர்ந்த திங்களின் சராசரிக்கும் இடையே 2 பாகை செல்சியசு வேறுபாடுகூட இல்லை. எனவே குளிரும் வெயிலும் அங்கே பருவத்தை வகுப்பதில்லை. காற்றும் மழையுமே வகுக்கின்றன.

டிசம்பர் முதல் மார்ச்சுத் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அக்காலத்தில் சுமத்ராவின் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று விடியற்காலையில் மழை கொணரும். இவற்றிற்கு இடைப்பட்ட திங்கள்களில் காற்று தளர்ந்து, பிற்பகலில் இடியுடன் மழை பெய்யும். பாய்மரக் காலத்தில் சீனத்து மரக்கலங்கள் வடகிழக்குக் காற்றில் வந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டவை தென்மேற்குக் காற்றைத் துணைக்கொண்டன. இரு மக்களையும் அத்தீவில் சேர்த்தவை இவ்விரு காற்றுகளே எனலாம்.

தமிழ்நாட்டிற்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை தருவதும் வடகிழக்குப் பருவக்காற்றே. அங்கே மழை ஓய்ந்து நெல் விளைந்து களம் காய்ந்திருக்கும் வேளையில் தை பிறக்கும். சிங்கப்பூரிலோ தை பிறக்கும்போது அதே காற்றின் மழைக் கூறு இன்னும் முடிந்திராது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் சந்தில் கரும்பும் மஞ்சளும் குவிந்து கிடக்கையில் தூறல் விழுவது அங்கு வியப்பன்று.

சீன நாட்காட்டிக்கும் இந்நிலையே நேர்ந்தது. 'மழைநீர்' என்னும் கூறு பிப்ரவரி 19ஆம் நாளையொட்டி வரும். ஆனால் மழைப்பட்டை தெற்கே சாவகத்தை நோக்கி நகர்ந்துவிடுவதால், சிங்கப்பூரில் ஆண்டிலேயே மழை குறைந்த திங்கள் பிப்ரவரிதான். 2014ஆம் ஆண்டுப் பிப்ரவரி முழுவதிலும் சாங்கி நிலையத்தில் பதிவான மழை 0.2 மி.மீ. மட்டுமே. 'தெளிவும் ஒளியும்' பொருளாகக் கொண்ட சிங்மிங், ஏப்ரல் தொடக்கத்தில், இடிமழைக் காலத்தில் வருகின்றது. 'தானிய மழை' ஒன்றே தற்செயலாகப் பொருந்துகின்றது.

உழவர் கற்ற பாடம்

இம்முரண்பாட்டைத் தீவின் காய்கறித் தோட்டக்காரர் எவ்வாறு எதிர்கொண்டனர்? அவர்கள் நாட்காட்டியைத் துறக்கவில்லை. இளவேனில் விழாவையும் கல்லறை வழிபாட்டையும் அதன்படியே நடத்தினர். பயிர்த்தொழிலில் மட்டும் வானத்தையே நாட்காட்டியாகக் கொண்டனர். ஒரு திங்களையொட்டியே அறுவடைக்கு வரும் கீரை வகைகளை ஆண்டு முழுவதும் மாற்றி மாற்றிப் பயிரிட்டனர். டிசம்பர் மழையில் வேர் அழுகாதிருக்கப் பாத்திகளை உயர்த்தினர். பிப்ரவரி வறட்சிக்காகத் தோட்டத்திற்குள்ளேயே குளம் வெட்டினர். தோளில் கழி வைத்து இருபுறமும் நீர்க்குவளை தொங்க, நாள்தோறும் நீர் வார்த்தனர்.

இவ்வளவு செய்தும் வானம் அவர்களைச் சில வேளை வென்றது. 1963ஆம் ஆண்டு வறட்சியால் ஏப்ரலில் தொடங்கிய குடிநீர்ப் பங்கீடு 1964 பிப்ரவரி வரை நீடித்தது. 1978 டிசம்பர் 2ஆம் நாளிலோ பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மி.மீ. மழை பதிவாயிற்று. அது சிங்கப்பூரின் ஓராண்டு மழையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். அப்பெருவெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். பொத்தோங் பாசிர் போன்ற தாழ்நிலத் தோட்டங்கள் நீரில் மூழ்கின. பின்னர் அத்தோட்டங்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. உழவரின் வானறிவை எழுதி வைத்தோர் சிலரே. தோட்டம் மறைந்தபோது அவ்வறிவின் பெரும்பகுதியும் மறைந்தது.

கருவிகள் எழுதிய வரலாறு

மழையை அளந்து எழுதி வைக்கும் வழக்கம் புதியதன்று. கௌடிலியரின் அர்த்தசாத்திரமே மழை அளக்கும் கலத்தைக் குறிப்பிடுகின்றது. சிங்கப்பூரில் 1841 முதல் 1845 வரை, சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்லசு மோர்கன் எலியட் என்பார் காந்தப்புல ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தி, அதனோடு வானிலையையும் பதிவு செய்தார். 1869ஆம் ஆண்டிலிருந்து மழைப் பதிவுகள் கிடைக்கின்றன. 1929ஆம் ஆண்டில் மலாயா வானிலைச் சேவை தோன்றியது.

இன்று சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் இரு கிழமைக்கு ஒரு முறை வானிலைக் கணிப்பை வெளியிடுகின்றது. ஆயினும் நிலநடுக்கோட்டு இடிமழை ஒரு வட்டாரத்தில் கொட்டி அடுத்த வட்டாரத்தை நனைக்காமல் விடும் இயல்பினது. சில மணி நேரத்தில் திரண்டு கலையும் அம்முகிலை முதல்நாளே இடம் சுட்டிக் கூறுதல் அரிது. ஆகவே பஞ்சாங்கத்தை எள்ளி நகையாடுவது அறிவுடைமையாகாது. பதிவேடு சொல்வதைப் பஞ்சாங்கத்தின் வாயில் வைப்பதும் அறிவுடைமையாகாது.

தீவின் சொந்தப் பருவம்

உற்று நோக்குவார்க்கு அத்தீவிலும் ஒரு தளிர்ப்புக் காலம் உண்டு. பிப்ரவரியின் வறண்ட காற்றில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் பின் துளிர்க்கும். வறட்சிக்குப் பின் மழை விழுந்ததும், மார்ச்சு, ஏப்ரலில், சாலையோரத்து டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பும் வெண்மையுமாகப் பூக்கும். புறாவைப் போன்ற வெண்மலர் தரும் ஓர் ஆர்க்கிட், திடீர் மழையால் வெப்பம் சட்டெனத் தாழ்ந்த பின் ஒன்பதாம் நாளையொட்டி ஊரெங்கும் ஒருசேர மலரும். இவை எந்த நாட்காட்டியையும் பார்த்துப் பூப்பவையல்ல; மழையைக் கொண்டே காலம் அறிபவை.

2005ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் கீழ், அடுக்குமாடி வீடுகளின் அடியில் முருங்கையும் கறிவேப்பிலையும் சீனக் கீரையும் இன்று அருகருகே வளர்கின்றன. பழைய உழவர் கற்றதை அங்கே மாணவர் மீண்டும் கற்கலாம்.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. இளவேனில் என்பதற்குச் சித்திரையும் வைகாசியும் என்று விடை எழுதும் சிங்கப்பூர் மாணவனுக்கு, அது தேர்வுக்குரிய சொல்லாக மட்டுமே நின்றுவிடக் கூடாது. அது எந்த நிலத்தில், எந்த வெயிலைக் கண்டு பிறந்த சொல் என்பதை அவன் அறிதல் வேண்டும். பின்னர் பள்ளித் தோட்டத்தில் ஒரு மழைமானியை வைத்து, ஓராண்டு மழையை அவன் கையாலேயே குறித்து வரச் செய்தல் வேண்டும். தொல்காப்பியர் காலத்துத் தமிழர் தம் நிலத்தைப் பார்த்துத்தான் ஆறு பொழுதுகளைக் கண்டனர். தான் வாழும் நிலத்தை அவ்வாறே பார்க்கப் பழகிய மாணவன், அந்த ஆறு பெயர்களின் அருமையையும் உணர்வான்.