முருங்கன் கணக்கில் இரண்டு ஆண்டுகள்: 1947உம் 1990உம்

குடித்தொகை மாற்றத்தைப் புவியியல் இரண்டு கணக்குகளாக எழுதுகிறது. பிறந்தோரிலிருந்து இறந்தோரைக் கழிப்பது ஒன்று. வந்தோரிலிருந்து சென்றோரைக் கழிப்பது மற்றொன்று. முருங்கனில் நின்று மன்னார் மாவட்டத்தைப் பார்த்தால் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் ஆண்டைச் சுட்டலாம்: முதலாவதற்கு 1947, இரண்டாவதற்கு 1990.

இலங்கையின் இறப்பு வீதம் 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20. மறு ஆண்டு அது 14 ஆயிற்று. மலேரியா நுளம்புக்கு எதிரான டிடிடி தெளிப்பின் பங்கு அதில் எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போனதில்லை. போசாக்கும் வைத்தியசாலைகளும் தமக்குரிய பங்கைக் கேட்கின்றன. ஆனால் மலேரியா நிலைகொண்டிருந்த வரண்ட வலயத்தில்தான் சரிவு மிகச் செங்குத்தாக இருந்தது. கட்டுக்கரைக்குளம் நீர்பாய்ச்சும் முருங்கன் வயல்வெளி அந்த வலயத்தைச் சேர்ந்தது.

1990இல் சரிந்தது இறப்பு வீதம் அல்ல, ஊர். அந்த ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் ஒதுங்கினர். எருக்கலம்பிட்டியும் முசலிப் பக்கத்து ஊர்களும் வெறுமையாயின. அதே ஆண்டில் மன்னார்க் கரைத் தமிழரும் படகேறி இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் அகதி முகாமில் பதிவாயினர்.

முன்னது உயிரைக் காத்தது, பின்னது வீட்டைப் பறித்தது; இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பொருந்துமா என்று வாசகர் கேட்கலாம். துயரத்தின் அளவில் பொருந்தாது. வடிவத்தில் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்தும். பாடநூல் வரையும் வளைகோடு பல பத்தாண்டுகளில் மெல்ல இறங்கும். இவை இரண்டும் ஓராண்டுக்குள் இறங்கியவை. இரண்டுமே குடிசன மதிப்பீட்டின் கண்ணில் நேராகப் படவுமில்லை. 1946 மதிப்பீடு வீழ்ச்சிக்கு முன்பே முடிந்துவிட்டது, அடுத்தது 1953இல். பிந்தியதற்கோ இடைவெளி இன்னும் நீளம்: 1981க்குப் பின் மன்னாரை முழுமையாக எண்ணியது 2012இல்தான். முதல் எண்ணிக்கை ஒரு இலட்சத்து ஆறாயிரம் அளவில்; இரண்டாவது இலட்சத்துக்குச் சற்றுக் கீழே. அவற்றை மட்டும் படிப்பவர், முப்பத்தொரு ஆண்டில் பெரிதாக எதுவும் நடக்காத மாவட்டம் என்றே எண்ணுவார். உள்ளே பார்த்தால், நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருந்த முஸ்லிம்கள் ஆறில் ஒரு பங்காகியிருந்தனர்.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது வேறொன்று: இரண்டு கணக்குகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடுகின்றன. மலேரியா தணிந்ததும் வரண்ட வலயக் காணிகளில் குடியேறுவது எளிதாயிற்று. இறப்புக் கணக்கில் கிடைத்த மிச்சம் வருகைக் கணக்கில் ஏறியது. 1990இல் நடந்தது இதன் மறுதலை. வெளியேறியோர் புத்தளத்திலும் மண்டபத்திலும் மணமுடித்தனர், பிள்ளை பெற்றனர். மன்னாரில் பதிவாகியிருக்கக்கூடிய பிறப்புகள் வேறு மாவட்டத்து, வேறு நாட்டுப் பதிவேடுகளில் ஏறின. இடப்பெயர்வு ஆட்களை மட்டுமல்ல, வருங்கால இயற்கை அதிகரிப்பையும் கூட்டிச்சென்றது. ஒரு குடும்பமாகப் போனோர் பல குடும்பங்களாகத் திரும்பியபோது பழைய காணி போதாமற்போனதன் காரணமும் இதுவே.

வேறுபாடும் உண்டு. 1947இல் சாகாமல் தப்பியவருக்குத் தாம் தப்பியதே தெரியாது. அவர் புள்ளிவிபரத்தில் மட்டும் பிழைத்தவர். 1990இல் வெளியேறியவருக்கோ தம் வளவின் எல்லை வரை நினைவிருக்கும். ஆகவே இரண்டாம் கணக்கில் மீள்வரவு என்றொரு வரி உண்டு, முதற்கணக்கில் அது இல்லை என்று சொல்லத் தோன்றும். மலேரியா இதற்கு உடன்படவில்லை. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே இருந்தனர். 1968–69இல் கொள்ளைநோயாகவே திரும்பி வந்தது.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அது. இலங்கையில் அதற்கு முன் பதிவானதில்லை. தீவின் கிணறுகளில் அது பெருகியிருந்தது.