கடம்பத்தூரில் கூடிய கூட்டம்

அம்பத்தூர்ல அரக்கோணம் லோக்கல் ஏறினா, ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் எல்லாம் தாண்டி கடம்பத்தூர் வரும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களின் கதையில் இந்த ஊருக்கு ஒரு தனி இடம் உண்டு. 1958-ல் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது இங்கேதான்.

அப்போ முதலமைச்சர் காமராஜர். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாமே அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். பள்ளிகளை ஏராளமாகத் திறந்துவிட்டார்கள். ஆனால் உட்காரப் பலகை இல்லை, கரும்பலகை இல்லை, கூரை ஒழுகுகிறது. அரசிடமும் பணம் இல்லை. சரி, ஊரையே கேட்போம் என்று கிளம்பினார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று பட்டியல் போட்டு, மாநாடு கூட்டி, ஊர்க்காரர்களை மேடைக்கு அழைத்தார்கள். ஒருவர் மனை கொடுப்பார், ஒருவர் பெஞ்சு, இன்னொருவர் பிள்ளைகளுக்குச் சீருடை. அடுத்த சில வருஷத்தில் மாநிலம் முழுக்க நூறு மாநாடுகளுக்கு மேல் நடந்தன.

இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. 1951 கணக்கெடுப்பில் இங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் இருபது பேர்தான். அப்படியென்றால் மாநாட்டுக்கு வந்து கொடுத்தவர்களில் பலர் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போகாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். தனக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். ‘முன்னாள் மாணவர்’ என்ற ஆளே அப்போது கிராமத்தில் அபூர்வம்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஏதோ ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள்தான். ஆனால் நாம் செய்வது? பேட்ச் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குரூப், வருஷத்துக்கு ஒரு சந்திப்பு, பிரியாணி, பள்ளிக்கு ஒரு ஃபேன். ஃபேன் மேலே ‘உபயம்’ எழுதவும் மறக்க மாட்டோம். அதாவது 1958-ஐயே திரும்பச் செய்கிறோம், அந்தப் பட்டியல்கூட இல்லாமல்!

நாங்களும் ஒரு தடவை வாட்டர் ஃபில்டர் வாங்கிக் கொடுக்கப் போனோம். போட்டோ எடுத்து முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் தயங்கித் தயங்கி வந்தான். “அண்ணா, டிப்ளமோ சேர்றதா, பிளஸ் ஒன் போறதா? வீட்ல கேக்க ஆள் இல்லண்ணா.” ஃபில்டரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அரை மணி நேரம் அவனோடு பேசினோம். பள்ளிக்கு நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதனால்தான் 2024-ல் வந்த இரண்டு மாற்றங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களை ஆகஸ்டில் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் உறுப்பினராகச் சேர்த்தார்கள். 24 பேர் குழு, தலைவர் ஒரு மாணவரின் தாய். மேடையில் பொன்னாடை வாங்கிக்கொண்டு கிளம்புவதற்கு இதில் வழியில்லை, மாதாமாதம் கூட்டத்துக்கு வந்து உட்கார வேண்டும். இன்னொன்று நவம்பரில் வந்த ‘மகிழ் முற்றம்’. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளை ஐந்து அணியாகப் பிரித்து, தலைமைப் பொறுப்பையும் அவர்களிடமே கொடுக்கிற ஏற்பாடு.

இந்த இரண்டும் ஒரே வளாகத்தில், ஆனால் தனித்தனியாக நடக்கின்றன. முல்லை அணித் தலைவியான எட்டாம் வகுப்புப் பெண்ணை மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, “கழிப்பறையில தண்ணி வருதாம்மா? நீயே சொல்லு” என்று கேட்கலாம். அவள் பேச, பெரியவர்கள் குறித்துக்கொள்ளட்டும். அதற்குக் காசு செலவில்லை, அவளோடு முதல் நாள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிப் பழக்க ஓர் அக்காவோ அண்ணனோ வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பள்ளியில் குழுக் கூட்டம் எந்த நாள் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.