தாமதம் சொன்ன சாட்சி

'காயம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. உடல் என்பது ஒன்று. புண் என்பது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு வேரினின்று பிறந்தவை எனச் சொல்லாராய்ச்சி வல்லார் கூறலாம். எனினும், உடல் என்றாலே புண்படத்தக்கது என்று நம் மொழியே நினைவூட்டுவதாக நமக்குத் தோன்றுகிறது. போர்க்களத்தில் மார்பில் பட்டதை விழுப்புண் என்று போற்றினர் நம் முன்னோர். முதுகில் பட்டதைப் புறப்புண் என்று நாணினர். வெண்ணிப் போரில் பட்ட புறப்புண்ணுக்கு நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறந்தான். உடலில் தைத்த படைக்கலத்தைவிட, அதை ஊரார் பார்ப்பார்களே என்ற எண்ணம் கொடியதாயிற்று.

மார்பிலும் படாது, முதுகிலும் படாது, மனத்தில் மட்டும் பட்டுவிடும் புண் ஒன்று உண்டு. போரிலிருந்து மீண்டவனைப் பல ஆண்டுகள் கழித்தும் படுக்கையை விட்டு எழவொட்டாமல் செய்யும் மனச்சோர்வு அது. அதற்கு ஈடு தரலாமா, தருவதாயின் எந்த நாள் முதல் தருவது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்க ஐக்கிய நாடு தன் படைவீரரோடு வழக்காடி வந்த வரலாற்றை இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம். பெருந்திரளான படைவீரருக்கு அரசே காப்பீட்டாளராக நின்ற நாடு அது. நீதிமன்ற ஏடுகளில் அவ்வழக்குகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

போர்க்காலக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றை அந்நாட்டுக் கருவூலத்துறை 1914-ஆம் ஆண்டில் தொடங்கியபோது, அது காப்பீடு செய்தது கப்பல்களையும் அவை சுமந்த சரக்குகளையுமே. மனிதரின் முறை பின்னரே வந்தது. 1917 அக்டோபர் 6-ஆம் நாள் நிறைவேறிய சட்டத் திருத்தம், படைவீரன் ஒவ்வொருவனும் 10,000 டாலர் வரை காப்பீடு பெற வழி செய்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஓய்வூதியம் அரசியல்வாதிகளின் கைப்பொருளாகிப் போனதைக் கண்டு சலித்தவர்கள், இனி வீரன் இரந்து நிற்க வேண்டாம், தன் சம்பளத்திலிருந்து தவணை செலுத்தி உரிமையோடு பெறட்டும் என்று கருதினார்கள். நல்ல எண்ணந்தான். நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட காப்பீடுகள் எழுதப்பட்டன; அவற்றின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 4,000 கோடி டாலர். வீரன் இறந்தாலும், முழுமையாகவும் நிரந்தரமாகவும் செயலிழந்தாலும், 10,000 டாலர் காப்பீட்டுக்கு மாதந்தோறும் 57 டாலர் 50 சென்ட் கிடைக்கும்.

முழுச் செயலிழப்பு என்பது யாது? 1918 மார்ச்சில் கருவூலத்துறை இதற்கு வகுத்த இலக்கணம் நம் கருத்தைக் கவர்கிறது. ஊதியம் தரும் தொழில் எதையும் தொடர்ந்து செய்யவொட்டாமல் தடுக்கும் குறைபாடு உடலில் இருந்தாலும் சரி, மனத்தில் இருந்தாலும் சரி, அது முழுச் செயலிழப்பே என்றது அது. எழுத்தளவில் மனம் உடலுக்கு நிகராக வைக்கப்பட்டுவிட்டது. அந்நாளில் எத்தனை நாடுகள் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்!

இடர் வேறோர் இடத்தில் இருந்தது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களில் பெரும்பாலோர் தவணை செலுத்துவதை நிறுத்திவிட்டனர், காப்பீடும் காலாவதியாயிற்று. ஆகவே பின்னாளில் பணம் கோரி வந்தவன், தான் இன்று செயலற்றவன் என்று காட்டினால் போதாது. காப்பீடு காலாவதியாகும் முன்பே, பெரும்பாலும் 1919-ஆம் ஆண்டளவிலேயே, முழுமையாகவும் நிரந்தரமாகவும் செயலிழந்துவிட்டதாக மெய்ப்பிக்க வேண்டும். கால் இழந்தவனுக்கு இது எளிது. நாளும் நாழிகையும் மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும். மனம் தளர்ந்தவன் எந்த நாளைக் காட்டுவான்? அவன் ஆலைக்கு வேலைக்குச் சென்றிருப்பான். இரண்டு மாதத்தில் விட்டிருப்பான். பின் பண்ணைக்குச் சென்றிருப்பான். அங்கும் நிலைத்திருக்க மாட்டான். குடும்பத்துக்காக அவன் செய்த முயற்சி ஒவ்வொன்றும், 'இவன் வேலை செய்யக்கூடியவனே' என்று அவனுக்கே எதிரான சான்றாக வழக்குமன்றத்தில் வாசிக்கப்பட்டது.

1934-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் லம்ப்ரா என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. சான்றாயத்தார் அந்த முன்னாள் வீரருக்கு ஆதரவாகவே முடிவு சொல்லியிருந்தனர். மேல்முறையீட்டு மன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றம் மாற்றியதையே உறுதி செய்தது. அவருக்கு என்ன நோய் என்பதன்று இங்கு நாம் கருதுவது. தீர்ப்பில் இடம்பெற்ற நெறி ஒன்றையே கருதுகிறோம். பல ஆண்டுகள் வழக்குத் தொடராமல் தாமதித்ததற்குத் தெளிவான விளக்கம் இல்லையென்றால், அத்தாமதமே அவர் அப்போது செயலிழந்திருக்கவில்லை என்பதற்கு வலுவான சான்றாகும் என்றனர் நீதிபதிகள்.

வணிகக் கடனுக்கு இது பொருந்தும் நெறிதான். உரிமையுள்ளவன் உடனே கேட்பான் என்பது உலக வழக்கு. ஆனால் மனச்சோர்வுற்றவன் கேட்க மாட்டான். கேட்கும் திறன் குன்றிப் போவதே அந்நோயின் இயல்பு. கடிதத்தைப் பிரிக்க மாட்டான், அலுவலகப் படி ஏற மாட்டான், தனக்கு ஏதேனும் கிடைக்கத் தகும் என்றே எண்ண மாட்டான். நோயின் அடையாளத்தையே நோயின்மைக்குச் சான்றாக அந்நெறி எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கு முன் இருந்த தாள்கள் அப்படிப் பேசின.

நேர்மையோடு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அதே 1934 ஜூனில், லிஞ்ச் வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் வீரர்களின் பக்கம் நின்றது. பொருளாதார நெருக்கடியால் 1933 மார்ச்சில் நிறைவேறிய சிக்கனச் சட்டம் ஓய்வூதியங்களை வெட்டியதோடு காப்பீட்டு உரிமைகளையும் துடைத்தெறிய முற்பட்டது. ஓய்வூதியம் அரசு தரும் கொடை, அதை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காப்பீடோ ஒப்பந்தம், ஒப்பந்தத்தைச் செலவைக் காரணம் காட்டி முறிக்க முடியாது என்று நீதிபதி பிராண்டைஸ் எழுதினார். அவ்வாறு காக்கப்பட்டவர்கள் சிலரே. மனநோயும் நரம்புநோயும் 1925 ஜனவரிக்கு முன் தோன்றியிருந்தால் அவை போரால் வந்தவையென்றே கொள்ளப்படும் என்று 1924-இல் ஒரு சட்டம் பரிவோடு வகுத்திருந்தது. அச்சலுகையைச் சிக்கனச் சட்டம் ஒரே வீச்சில் பறித்தது. அதற்கு முன்னரே, வீரர் நலத்துறையின் முதல் தலைவர் ஃபோர்ப்ஸ் மருத்துவமனைப் பணத்தில் முறைகேடு செய்து சிறை சென்ற கதையும் உண்டு. அதை விரித்தால் கட்டுரை திசை மாறும்.

பிறரைக் குறை கூறும் முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நலம். காப்பீட்டுச் சட்டம் பிறந்த அதே 1917-இல், மே மாதத்தில், திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பு, வேண்டுமென்றே தன்னுயிரை மாய்த்துக்கொண்டோர் இறப்பதற்கு முன் மனம் வருந்திய அடையாளம் காட்டியிராவிடில், அவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. குருமடத்தில் நமக்குப் பாடம் சொன்ன முதிய பேராசிரியர் ஒருவர், பழைய தொகுப்பையும் 1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பையும் அருகருகே வைத்து, அந்த வரி புதியதில் இல்லாமற்போனதை விரலால் தொட்டுக் காட்டுவார். கடுமையான உளநோய் தற்கொலை செய்தவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் எழுதிற்று. நமக்கும் இதைக் கற்க முக்கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் படை கற்றதும் மெதுவாகத்தான். 1943 ஆகஸ்ட் 3-ஆம் நாள், சிசிலித் தீவில் ஒரு மருத்துவக் கூடாரத்துக்குச் சென்ற தளபதி பாட்டன், உடலில் காயமின்றி அமர்ந்திருந்த இளைஞனைக் கண்டு, 'உனக்கு என்ன?' என்றார். தன்னால் தாங்க முடியவில்லை என்று அவன் சொன்னதும் கையுறையால் அறைந்து, கோழை என்று ஏசி வெளியே தள்ளினார். ஏழு நாள் கழித்து மற்றொரு கூடாரத்தில் மற்றொருவனையும் அறைந்தார். முதல்வனுக்கு மலேரியாவும் நாட்பட்ட வயிற்றுக்கடுப்பும் இருந்தது பின்னர் தெரியவந்தது. தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் கட்டளையால் பாட்டன் மன்னிப்புக் கேட்டார். மனம் நொந்து மருத்துவமனையில் கிடந்த வீரர்களைக் குறித்து ஜான் ஹூஸ்டன் 1946-இல் எடுத்த ஆவணப்படத்தை, 1980-களின் தொடக்கம் வரை பொதுமக்கள் பார்க்க முடியாமல் படைத்துறை முடக்கி வைத்தது.

இதற்கிடையில் சட்டத்தில் ஒரு சிறு கதவு திறந்தது. 1940-இல் வந்த தேசியப் படைச்சேவை ஆயுள் காப்பீட்டிலும் அதன் திருத்தங்களிலும், செயலிழந்தவனுக்குத் தவணை விலக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறியது அவன் கைக்கு மீறிய சூழலால் என்றால் அத்தவறு பொறுக்கப்படலாம் என்ற தொடரும் அதில் இடம்பெற்றது. தாமதத்துக்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதைச் சட்டம் எண்ணத் தொடங்கியது.

வியட்நாம் போருக்குப் பின், 1980-இல், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு இடம் தந்தது. ஆயினும் ஓய்வூதியக் கோரிக்கை மறுக்கப்பட்டவன் நீதிமன்றம் செல்ல வழியில்லை. வழக்கறிஞரை அமர்த்தலாம் என்றால், அவர் பெறக்கூடிய கட்டணம் 10 டாலரே என்று 1864-இல் விதித்த வரம்பு அப்படியே நின்றது. ஏமாற்றுக்காரரிடமிருந்து வீரரைக் காக்க எழுந்த வேலி, உதவி செய்வோரையும் வெளியே நிறுத்திவிட்டது. 1988-இல்தான் தனி நீதிமன்றமும் வந்தது, அந்த வரம்பும் தளர்ந்தது.

பேரதிர்ச்சி நோய்க்கு 2010-இல் மற்றொரு சலுகை கிடைத்தது: பகைவர் தாக்குதலுக்கு அஞ்சிய அனுபவத்தைத் தனிச்சான்று காட்டி மெய்ப்பிக்க வேண்டாம், அரசு மருத்துவர் ஒப்பினால் போதும் என்றனர். அச்சலுகை மனச்சோர்வுக்கு நீளவில்லை. மனச்சோர்வுற்றவன் மூன்றைக் காட்ட வேண்டும்: இன்று நோய் உண்டு, படையில் இருந்தபோது ஒன்று நிகழ்ந்தது, அதனால்தான் இது வந்தது. முழங்கால் நொறுங்கி, அந்த வலியே காலப்போக்கில் மனத்தைச் சாய்த்தது என்றும் காட்டலாம். பதவி உயர்வு போய்விடுமே, தோழர்கள் எள்ளுவார்களே என்று படையில் இருந்தபோது எதையும் சொல்லாதிருந்தவனுக்குப் பதிவேடு துணை வராது. 1996-இல் நடைமுறைக்கு வந்த அட்டவணை மனநோயை 0, 10, 30, 50, 70, 100 விழுக்காடு எனப் பிரித்தது. துயரத்தை விழுக்காட்டில் எழுத வேண்டியிருப்பது எண்ணுந்தோறும் நெஞ்சை உறுத்துகிறது. ஆயினும் எழுதாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. மருத்துவ ஆய்வு நாளன்று முகம் மழித்து, நல்ல உடை உடுத்தி, 'நலமாக இருக்கிறேன்' என்று பழக்கத்தால் சொல்லிவிடும் மானியின் விழுக்காடு குறையும்.

விண்ணப்பிக்கக் கெடு என்று ஒன்று இல்லை. ஆனால் படையை விட்ட ஓராண்டுக்குள் கேட்டவனுக்கு விடுபட்ட மறுநாள் முதல் பணம் உண்டு. பின்னர் கேட்பவனுக்குப் பொதுவாகக் கேட்ட நாள் முதலே. பத்தாண்டு பேசாதிருந்தவனின் பத்தாண்டு கணக்கில் ஏறாது. லம்ப்ரா தீர்ப்பின் நிழல் வேறு வடிவில் நீண்டிருக்கிறது.

நம் பங்கு ஒன்றில், இருபது ஆண்டுகளுக்கு முன், நம் நாட்டுப் படையில் பணியாற்றி மீண்ட ஒருவர் விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டு அறைவீட்டுக்கு வந்தார். படிவத்தில் 'நோய் தொடங்கிய நாள்' என்றொரு கட்டம். "அது என்னைக்குத் தொடங்கிச்சுன்னு எழுதணும், சாமி? எனக்கே தெரியலையே" என்றார். யோசித்துக்கொண்டு நாளை வாருங்கள் என்று அனுப்பினோம். அவர் வரவில்லை. படிவம் நம் மேசை இழுப்பறையில் நெடுநாள் கிடந்தது.

அமெரிக்கச் சட்டம் இப்போது வீரனின் மனைவியும் உடன்பணியாற்றியவரும் எழுதும் கடிதங்களையும் சான்றாக ஏற்கிறது. மருத்துவச் சொல் எதுவும் வேண்டியதில்லை. தாங்கள் கண்டதை எழுதினால் போதும். எந்தத் திருநாளிலிருந்து அவன் உணவு மேசைக்கு வருவதை நிறுத்தினான், எந்த மழைக்காலத்தில் இரவெல்லாம் திண்ணையில் உட்காரத் தொடங்கினான் என்பது வீட்டில் இருப்பவளுக்குத் தெரியும். அன்று நம்மிடம் வந்தவரின் மனைவி ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அவரை நாம் கேட்கவில்லை.