அலுவிகாரைச் சாலையில் அலறும் பிறேக்

அலுவிகாரை என்றதும் நினைவுக்கு வருவன ஏட்டுச் சுவடிகளே. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சத்தாலும் போராலும் பிக்குமார் அருகிவந்தபோது, அதுவரை வாய்வழியாகவே ஓதப்பட்டுவந்த திரிபிடகம் இக்குன்றின் குகைகளில்தான் முதன்முதலாக எழுத்தில் பொறிக்கப்பட்டது என்பது மரபு. மனனம் செய்தவர் மாண்டால் மனனமும் மாளும் என்ற அச்சமே அவர்களை எழுத்தாணி ஏந்த வைத்தது. அக்குன்றின் அடிவாரத்தில், மாத்தளை நகருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீற்றர் தொலைவில், கண்டி - யாழ்ப்பாணம் ஏ-9 பெருஞ்சாலை செல்கிறது. அச்சாலையில் சுமையேற்றி ஓடும் வாகனங்களின் பிறேக்கைப் பற்றியே இங்கு எழுத முனைகிறேன். சுவடிக்கும் பிறேக்குக்கும் என்ன உறவு என்று வியப்போர் சற்றுப் பொறுத்தருள்க.

சாலையும் வண்டியும்

மலைநாட்டில் கோப்பி பயிரிடப்பட்ட காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய நம்மவர், காடுகளினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியும், தோட்டங்களிலிருந்து சென்ற கோப்பியும் மாட்டுவண்டிகளில் ஏறின.

1848ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி ஆளுநர் டொறிங்டனின் ஆட்சி துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றோடு வண்டிக்கும் கட்டணம் விதித்தது. சாலை வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உடலுழைப்புத் தரவேண்டும், அல்லது பணம் கட்டவேண்டும் என்ற சட்டமும் வந்தது. அவ்வாண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு இவையே உடனடிக் காரணங்கள். கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் சுவடிச் சேகரமும் அழிந்தது. சாலைக்கும் வண்டிக்கும் எழுந்த பூசலில் சுவடிகள் பலியாயின.

1880இல் இருப்புப்பாதை மாத்தளையை அடைந்தது, அங்கேயே நின்றும்விட்டது. ஆகவே அதற்கு வடக்கே செல்லும் சுமை முழுவதும் அன்று மாட்டுவண்டியையும் பின்னர் லொறியையும் நம்பியது. 1999இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் அமைந்த பின்னர் மரக்கறி லொறிகளின் போக்குவரத்தும் பெருகியது. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் சாலையில் ஏறுவதற்கு என்ஜின் வேண்டும். உயிரோடு இறங்குவதற்குப் பிறேக் வேண்டும்.

மௌனத்தின் விலை

மாட்டுவண்டிக்குப் பிறேக் என்பது சில்லின் மீது கயிற்றால் இழுத்து அழுத்தப்படும் மரக்கட்டைதான். இங்கிலாந்தின் டாபிசயர் மலைப்பகுதியிலும் குதிரைவண்டிக்காரர்கள் அவ்வாறே செய்தனர். கட்டை வழுக்காதிருக்கப் பழைய சப்பாத்துத் தோலையும் அதில் அறைந்தனர். அதைக் கண்ணுற்ற ஹேபேட் புறூட் என்பவர் 1897 முதல், கட்டையில் பொருத்தத்தக்க உராய்வுப் பட்டைகளை உருவாக்கலானார். தம் பெயரின் எழுத்துக்களை மாற்றியடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து அவர் அமைத்ததே, கராஜ்களில் நன்கறியப்பட்ட 'பெரோடோ' என்ற பெயர்.

1902இல் பிரெடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் டிஸ்க் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் இரு பட்டைகள் கவ்விப் பிடிப்பதே அதன் தத்துவம். அவர் பயன்படுத்தியதோ செம்புப் பட்டை. உலோகத்தோடு உலோகம் உரச, காதைத் துளைக்கும் அலறல் எழுந்தது. அதாவது, கிறீச்சிடல் டிஸ்க் பிறேக்கோடு உடன்பிறந்த நோய். சில ஆண்டுகளில் புறூட் பட்டைகளில் அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நாரைச் சேர்த்தார். வெப்பத்தைத் தாங்கிய அந்நார் அலறலையும் தணித்தது. எனினும் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் 1953இல் லு மான் போட்டியில் வென்ற பின்னரே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

அந்த மௌனத்துக்கு ஒரு விலை இருந்தது. இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெலி கேர்ஷோ என்ற தொழிலாளப் பெண் 1924இல் தமது 33ஆவது வயதில் மாண்டார். அவரது நுரையீரலில் கல்நார்த் துகள்கள் படிந்திருந்ததை மருத்துவ ஏடு ஒன்று அதே ஆண்டில் வெளியிட்டது. அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் அச்சாகி, ஆங்கிலம் வாசித்தோரைச் சென்றடைந்தது. நம் கராஜ்களிலோ பழைய பட்டையைக் கழற்றிய கையோடு வாயால் ஊதியும் காற்றுக்குழாயால் அடித்தும் தூசி போக்குவதே வழக்கமாயிற்று. பெரிய பாஸ் செய்ததைச் சின்னப் பையன் பார்த்துச் செய்தான். வாய்வழிக் கல்வியில் பிழையும் வழிவழியாக வந்தது.

இலங்கை நீலக் கல்நாரை 1987இல் தடைசெய்தது. வெள்ளைக் கல்நாரின் இறக்குமதியையும் 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்த அரசு தீர்மானித்தது. கூரைத் தகடுகளே அதன் முதன்மைப் பயன்பாடு. 2017 டிசம்பரில், கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் ரஷ்யா, தேயிலைப் பொதியில் பூச்சி காணப்பட்டதாகக் கூறி இலங்கைத் தேயிலையை நிறுத்திவைத்தது. அரசு கல்நார்க் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அம்மாதம் முடியுமுன் தேயிலைத் தடையும் நீங்கிற்று. கொழுந்து பறிப்பவளின் கூலியையும் கூரைக்கு அடியில் வாழ்பவனின் மூச்சையும் ஒரே தராசில் வைத்த நிகழ்வு இது. அமெரிக்காவோ 2024 மார்ச்சில்தான், சந்தையில் விற்கப்படும் பிறேக் பட்டைகள் உட்பட வெள்ளைக் கல்நாரின் எஞ்சிய பயன்பாடுகளைத் தடுக்கும் விதியை வெளியிட்டது.

அலறலின் பொருள்

பாரமான லொறிகள் பலவற்றில் இன்றும் தொட்டிப் பிறேக்கே உள்ளது. 2005இல் இந்தியாவில் அறிமுகமாகி, இங்கு 'டிமோ பட்டா' என்று பெயர்பெற்ற டாட்டா ஏஸ் போன்ற சிறு லொறிகளில் முன்சில்லுகளுக்கு டிஸ்க் உண்டு. இவற்றில் எழும் கிறீச்சொலி எல்லாம் ஒன்றன்று. மழைக்குப் பின் காலையில் சிறிது நேரம் கேட்டு மறைவது, தட்டில் படிந்த துருவின் ஒலி. நீண்ட இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடியே வந்தால் பட்டையின் முகம் வெந்து கண்ணாடிபோல் மினுங்கும், அதுவும் கத்தும். பட்டை சில மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் தட்டைத் தொட்டுக் கத்துவதற்கென்றே மெல்லிய உருக்குத் தகடு ஒன்று பல பட்டைகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒருகாலத்தில் அடக்கப் பாடுபட்ட ஒலியை, பின்வந்த பொறியியலாளர் காவற்காரனாக நியமித்தனர். அதற்கு எண்ணெய் பூசி வாயடைப்பது காவல்நாயைக் கொல்வதற்குச் சமம். கிறீச்சொலி கரகரப்பாக மாறினால் பட்டை முடிந்து இரும்பு இரும்பை அரிக்கிறது என்று பொருள். அதன்பின் வண்டியை ஓட்டலாகாது.

பட்டை மாற்றுகையில் ஒரே அச்சின் இரு சில்லுகளுக்கும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒருபுறம் மட்டும் புதிதானால் வண்டி பக்கமாக இழுக்கும். 'அஸ்பெஸ்டஸ் அற்றது' என்று குறிக்கப்பட்ட பட்டையைக் கேட்டு வாங்குக. தூசியை ஊதாமல், ஈரத்துணியாலோ பிறேக் துப்புரவுத் திரவத்தாலோ நனைத்துத் துடைக்கவேண்டும். கழற்றிய கலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தாங்குதல் நன்று. அது வழுக்கிச் செல்லும் ஊசிகள் காய்ந்திருப்பின், வெப்பந்தாங்கும் கிறீஸ் இடவேண்டும். பட்டையின் முகத்திலும் தட்டிலும் ஒரு துளியும் படலாகாது.

தட்டைப் பலர் மறந்துவிடுகின்றனர். அது தேயக்கூடிய ஆகக் குறைந்த தடிப்பு பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்து, அதற்குக் கீழே சென்றிருந்தால் கடைவதில் பயனில்லை, மாற்றுவதே வழி. வெடிப்புக் கண்டாலும் அவ்வாறே. மிதிக்கும்போது மிதிகட்டை துடித்தால் தட்டின் தடிப்பு சீராக இல்லை என ஐயுறலாம். புதுத்தட்டின் மீதுள்ள காப்பெண்ணெயைக் கழுவாமல் பூட்டக்கூடாது. வேலை முடிந்ததும், வண்டி நகருமுன், மிதிகட்டை இறுகும்வரை பலமுறை மிதித்துப் பார்த்தல் கட்டாயம். பின்னர் வெறுமையான சாலையில் மிதமாக மிதித்தும் இடைவெளி விட்டு ஆறவைத்தும் பட்டையைத் தட்டோடு பழக்குக. திரவம் காலப்போக்கில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதன் கொதிநிலை தாழும். இறக்கத்தில் அது கொதித்துக் குமிழியிட்டால் மிதிகட்டை தரைவரை சென்றுவிடும். ஆகவே தயாரிப்பாளர் குறித்த காலத்தில் அதை மாற்றுதல் வேண்டும். இறங்கத் தொடங்குமுன்பே தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள்வதே பிறேக்குக்குச் செய்யும் தலையாய உபகாரம்.

இத்தனையும் நம் பாஸ்மார் அறிந்தவையே. ஆயினும் அவர்களின் அறிவு பெரும்பாலும் செவியிலும் கையிலும் இருக்கிறது, அவர்களோடு போய்விடும். வண்டி வைத்திருப்போர் ஒரு கொப்பியில், தம் மொழியில், பட்டை மாற்றிய திகதியையும் ஓடிய தூரத்தையும் தட்டின் தடிப்பையும் எழுதி வைப்பாராக. அடுத்த சாரதிக்கும் கராஜில் தொழில் பழகவரும் பிள்ளைக்கும் அது பயன்படும். எழுதப்படாத அறிவு எவ்வளவு எளிதில் அழியும் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்த ஊரைக் கடந்துதான் அவர்கள் நாள்தோறும் செல்கின்றனர்.