48 வோல்ட்: ஒரு சார்ஜர் கேபிளுக்குள்ள இருக்கிற 140 வருஷக் கதை

மதுரையில இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரு சின்ன புதிர்ல ஆரம்பிப்போம்.

உங்ககிட்ட 65 வாட் லேப்டாப் சார்ஜர் ஒண்ணு இருக்கு, யூஎஸ்பி-சி. அதை எடுத்து ராஸ்பெரி பை 5 போர்டுல சொருகுறீங்க. அந்த போர்டுக்கு அதிகபட்சம் 25 வாட் போதும். ஆனா போர்டு என்ன சொல்லுது? "இந்த சார்ஜர் 5 ஆம்பியர் தராது, அதனால யூஎஸ்பி போர்ட்டுக்கெல்லாம் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் விடுவேன்"னு கையைச் சுருக்கிக்குது. 65 வாட் இருக்கு, 25 வாட் கிடைக்கல. ஏன்?

இதுக்குப் பதில் தேட 1882-க்குப் போகணும். நியூயார்க்ல பேர்ல் ஸ்ட்ரீட்னு ஒரு தெருவுல எடிசன் மின்நிலையம் தொடங்கினார். அது டிசி, அதாவது நேர்மின்சாரம். சுமார் 110 வோல்ட். சிக்கல் என்னன்னா, ஒரு மைல் தாண்டினா கம்பியிலேயே மின்சாரம் சூடாகி வீணாப்போச்சு. கம்பியில வீணாகுறது கரண்ட்டோட வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் ரெண்டு மடங்கானா இழப்பு நாலு மடங்கு. அப்போ வழி ஒண்ணுதான்: வோல்டேஜை ஏத்து, கரண்ட்டைக் குறை. ஏசியில அதை டிரான்ஸ்ஃபார்மர் சுலபமா செஞ்சுது. டிசியில அன்னைக்கு அதுக்கு நல்ல வழி இல்ல. அதனாலதான் ஏசி ஜெயிச்சுது.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 1895-ல கட்டி முடிச்ச பெரியாறு அணையோட தண்ணி மலையில இருந்து இறங்குறப்போ, லோயர் கேம்ப் மின்நிலையத்துல டர்பைனைச் சுத்திட்டு, வைகை வழியா மதுரைப் பக்கத்து வயலுக்கு வருது. மின்சாரம் உயர் அழுத்த லைன்ல தனியாப் போகுது. ரெண்டுமே ஏதோ ஒரு இடத்துல அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டுதான் நம்மகிட்ட வரணும். தண்ணிக்கு மடை, கரண்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர். அம்புட்டுதான்.

ஆனா இன்னைக்கு வீட்டுக்குள்ள பாருங்க. போன், லேப்டாப், எல்இடி பல்பு, வைஃபை ரவுட்டர், எல்லாமே உள்ளுக்குள்ள டிசி. கமுதியில 2016-ல வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் உற்பத்தி பண்றதும் டிசிதான். அதை ஏசியா மாத்தி அனுப்பி, நம்ம வீட்டுல சார்ஜர் திரும்ப டிசியா மாத்துது. வீட்டு இன்வெர்ட்டரும் இதே கதைதான்: பேட்டரியில 12 வோல்ட் டிசி, அதை 230 வோல்ட் ஏசியா ஏத்தி, சார்ஜர்ல திரும்ப 5 வோல்ட் டிசியா இறக்குறோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கமிஷன் போகும்.

2012-ல மதுரையில ஸ்கூல் படிச்சவங்களுக்கு மின்வெட்டு எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருட்டுலயும் லேண்ட்லைன் போன் மட்டும் வேலை செய்யும், ஞாபகம் இருக்கா? எக்ஸ்சேஞ்சுல இருந்த பேட்டரி வரிசை 48 வோல்ட் டிசியை அந்தக் கம்பியிலேயே அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. அதுதான் காரணம்.

இந்த 48-ஐ கையில எடுத்தவர் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. அவரும் தொலைத்தொடர்புத் துறையில இருந்து வந்தவர்தான். அவர் குழு முன்வச்ச யோசனை ரொம்ப எளிமையானது: மின்பற்றாக்குறை வந்தா ஊரையே முழுசா அணைக்காதீங்க, வீட்டுக்கு 48 வோல்ட் டிசியில 100 வாட் அளவு மட்டும் விடாம குடுங்க. எல்இடி பல்பு, டிசி ஃபேன், போன் சார்ஜ், இதுக்கு அது போதும். அதோட கூரையில சோலார், வீட்டுல பேட்டரி, இன்வெர்ட்டரே இல்லாத 48 வோல்ட் லைன். ராஜஸ்தான் கிராமங்கள்ல ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இது போச்சு. 2017-ல ஐஎஸ் 16711-னு 48 வோல்ட் டிசி வயரிங்குக்கு இந்தியத் தரநிலையும் வந்துச்சு.

ஆனா நகரத்து வீடுகளுக்கு அது வரல. என் பார்வையில பெரிய தடை ஒண்ணு: கடையில போய் வாங்குற பொருளை அப்படியே சொருக ஒரு பொதுவான டிசி பிளக் இல்ல.

அந்த பிளக் வேற பாதையில வந்துச்சு. 1996-ல யூஎஸ்பி வந்தப்போ (அதுக்குப் பின்னால இருந்த இன்டெல் குழுவுல முக்கியமானவர் வதோதராக்காரர் அஜய் பட்) 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். மவுசுக்கும் கீபோர்டுக்கும் போதும். 2012-ல பவர் டெலிவரி, 2014-ல டைப்-சி கனெக்டர். இதுல சார்ஜரும் கருவியும் சிசி-ங்கிற பின் வழியா பேரம் பேசுது. முதல்ல வெறும் 5 வோல்ட். சார்ஜர் "என்கிட்ட 5, 9, 15, 20 வோல்ட் இருக்கு"னு பட்டியல் போடும். கருவி ஒண்ணைக் கேட்கும். சார்ஜர் சம்மதிச்ச பிறகுதான் வோல்டேஜ் ஏறும். கேட்கத் தெரியாதவனுக்கு 5 வோல்ட்தான்.

அந்த பேரத்துக்கு முன்னாடி "நான் இங்க இருக்கேன்"னு சொல்றது ரெண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒவ்வொரு சிசி பின்னுக்கும் தனித்தனியா. 2019-ல வந்த ராஸ்பெரி பை 4-ல ரெண்டு பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வச்சாங்க. விளைவு, உள்ளே சிப் இருக்கிற சில கேபிள்கள்ல சொருகினா, சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர்னு நினைச்சு கரண்ட்டே தரல. அடுத்த பதிப்புல சரி பண்ணாங்க.

இப்ப புதிருக்கு வருவோம். பை 5 கேட்குறது 5 வோல்ட்ல 5 ஆம்பியர். லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 5 வோல்ட்ல 3 ஆம்பியர்தான் தரும், 15 வாட். மிச்ச பவரெல்லாம் 20 வோல்ட்ல இருக்கு. அதைக் கேட்க போர்டுக்கு வழியில்ல.

கணக்குப் போட்டுப் பாருங்க. கேபிளோட ரெசிஸ்டன்ஸ் போக வர 0.1 ஓம்னு வைங்க. 5 ஆம்பியர் போனா அரை வோல்ட் கேபிள்லயே விழும், 2.5 வாட் சூடாகும். போர்டுக்கு 4.5 வோல்ட்தான் சேரும், சுமார் 4.63-க்குக் கீழ போனாலே அது அண்டர்-வோல்டேஜ்னு கத்தும். அதே 25 வாட்டை 20 வோல்ட்ல அனுப்பினா 1.25 ஆம்பியர், இழப்பு 0.16 வாட். பதினாறுல ஒரு பங்கு. எடிசன் தெருவுல மாட்டிக்கிட்ட அதே கணக்கு, ஒரு மீட்டர் கேபிளுக்குள்ள. அதனாலதான் அவங்களோட சொந்த அடாப்டர் 5.1 வோல்ட் தருது, கேபிளையும் பிரிக்க முடியாம சேர்த்தே வச்சிருக்காங்க.

கான்ஃபிக் ஃபைல்ல ஒரு வரி சேர்த்து அந்த 600 மில்லி ஆம்பியர் வரம்பை எடுத்துடலாம். ஆனா அது சார்ஜரைப் பெருசாக்காது, போர்டோட எச்சரிக்கையை மட்டும்தான் எடுக்கும். அளந்துட்டு முடிவு பண்ணுங்க. சார்ஜர் பக்கம் யூஎஸ்பி மீட்டர்ல ஒரு ரீடிங். போர்டுக்கு வந்து சேர்ற வோல்டேஜை டெர்மினல்ல ஒரு கட்டளை குடுத்தா போர்டே சொல்லும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை கரண்ட்டால வகுத்தா உங்க கேபிளோட யோக்கியதை தெரிஞ்சிடும்.

2021-ல பவர் டெலிவரி 3.1 வந்துச்சு. உச்ச வரம்பு 5 ஆம்பியர், 240 வாட். வோல்டேஜ் எவ்வளவு தெரியுமா? 48. மனுஷன் தொட்டா பெருசா ஆபத்தில்லாத 60 வோல்ட் எல்லைக்குள்ள, கம்பியில அதிகம் வீணாகாத ஒரு எண். எக்ஸ்சேஞ்ச், ஐஐடி, யூஎஸ்பி, மூணும் வந்து நின்ன இடம் ஒண்ணுதான். 2023 ஜனவரியில டைப்-சிக்கு இந்தியத் தரநிலையும் அறிவிச்சாச்சு.

ஆக பிளக் வந்துடுச்சு, தரநிலை ரெண்டும் இருக்கு. ஆனா நம்ம சார்ஜர் இன்னும் 230 வோல்ட் ஏசியில இருந்துதான் ஆரம்பிக்குது. மாடியில சோலார், கீழ 48 வோல்ட் பேட்டரி, சுவத்துல டைப்-சி, நடுவுல இன்வெர்ட்டர் இல்ல. இதைச் செய்ய புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வீடு கட்டிக்கிட்டு இருக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, எலக்ட்ரீசியன்கிட்ட சுவத்துல ஒரு பைப் மட்டும் கூடுதலா விட்டு வைக்கச் சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.